முதலில் ஸ்டாப், பிறகுதான் தொகை

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கத்துப் பிள்ளைகளுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கையில் நேரம் இருக்கு, போனில் கிரிப்டோ ஆப் இருக்கு. படகு மராமத்துக்கும் டீசலுக்கும் வைத்த காசை அதில் போடவே போடாதீங்க.

தனியா ஒதுக்கிய பணம் 50,000 ரூபாய் என்று வைங்க. ஒரு டிரேடில் இழக்கத் துணிவது 1%, அதாவது 500. ஸ்டாப் லாஸ், அதாவது நட்டம் கூடாமல் விற்றுவிடும் விலை, வாங்கிய விலைக்கு 8% கீழே என்றால், 500-ஐ 0.08-ஆல் வகுங்க: 6,250. அவ்வளவுக்குத்தான் வாங்கணும். காயின் ஆட்டம் கூடினால் ஸ்டாப் தள்ளிப் போகும், வாங்கும் தொகை சுருங்கும். பலர் தலைகீழாக, தொகையை முதலில் முடிவு செய்கிறார்கள்.

ஸ்டாப் லிமிட் (டிரிக்கர் விலை வந்ததும் கிளம்பி, லிமிட் விலைக்குக் கீழே விற்காத ஆர்டர்) போடுறவங்க கவனிங்க. டிரிக்கர் 92, லிமிட் 91.50 என்று ஒட்டி வைத்தால், விலை ஒரே இறக்கத்தில் 88-க்குப் போகும்போது ஆர்டர் நிறைவேறாமல் தொங்கும். இடைவெளியை அகலமாக விடுங்க. பாம்பன் பாலத்துப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வருது என்றால், ஆர்டரை முன்கூட்டியே போட்டுடுங்க.

10 மடங்கு லீவரேஜில் (கடன் சேர்த்து, கைப்பணத்தைப் போல் 10 மடங்குக்கு வாங்குவது) விலை 10% இறங்குவதற்கு முன்பே கணக்கு காலி. தொடவே வேண்டாம்.

வரி இன்னொரு அடி. ஒரு காயினில் 10,000 லாபம், மற்றொன்றில் 10,000 நட்டம் என்றாலும் கழிக்க முடியாது. 30% வரியும், அந்த வரி மேல் 4% செஸ்ஸும் சேர்த்து 3,120 கட்டணும். விற்கும் தொகையில் 1% டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) வேறு பிடிப்பாங்க. அதைக் கணக்குத் தாக்கலில் சரிக்கட்டலாம், அதுவரை பணம் முடங்கும்.