மூன்று விரல் தடம்

ஜெய்சல்மேர் போகிறவர்கள் பெரும்பாலும் சாம் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் இந்த ஜனவரியில் டேக்ராய் ஓரணில் மூன்று நாள் நடந்தேன். ஓரண் என்றால் நம்மூர்க் கோயில்காடு மாதிரி. சாமிக்கு விட்ட நிலம். ஆடு, மாடு, ஒட்டகம் மேயலாம். மரத்தில் கோடாலி படக்கூடாது.

வழித்துணைக்கு ஒட்டகம் மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அங்கே மூத்தவர்களை 'பாசா' என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் நாள் வேகமாக நடந்து ஒன்றையுமே பார்க்கவில்லை. தூரத்தில் ஓடிய இரண்டு சிங்காரா மான்கள், அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் பாசா குனிந்து நடக்கச் சொன்னார். குளிரில் இறுகிய மணலில் ஒரு வண்டின் தடம் தையல் போட்டதுபோல் ஓடி, புதரடியில் சட்டென்று நின்றுபோயிருந்தது. பக்கத்திலேயே நரியின் காலடி. கொஞ்சம் தள்ளி, வாய் மண்ணால் அடைபட்ட ஒரு வளை. உள்ளே சாண்டா என்கிற முள்வால் பல்லி குளிர்காலம் முழுக்கத் தூங்குமாம். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனோம்.

நண்பகலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். 'கேஜ்ரி' என்றார். இலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம் வன்னி! விருத்தாசலம் கோயிலில் அம்மாவின் கையைப் பிடித்துச் சுற்றி வந்த அதே மரம். கோயிலுக்குப் போனால் கேட்பதற்கு ஏதாவது ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். இங்கேயும் இருந்தது: கானமயிலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ராஜஸ்தானின் மாநிலப் பறவை அது, அங்கே கோடாவண். 15 கிலோ வரை எடை வளரும். உலகத்திலேயே 150-க்கும் குறைவாகத்தான் மிச்சம். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருக்கும் மின்கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் அந்தக் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2024-ல் அதைத் தளர்த்தியது. இந்தக் கம்பிகளில் பல சூரிய மின்நிலையங்களிலிருந்து வருபவை. வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் ஓரணின் தலைக்கு மேலே கம்பி இரைவதைக் கேட்டபோது, கருவறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல இருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் காலை, சேவண் புல்லுக்கு நடுவே அந்தத் தடம். முன்னால் மூன்று விரல், பின்விரல் கிடையாது. விளிம்பு இன்னும் உதிரவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தடத்தின் பின்னாலேயே நாலு எட்டு வைத்திருப்பேன், பாசா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பக்கத்தில்தான் இருக்கும். நாம் போனால் பறக்கும்" என்றார். தடம் போகும் திசையைக் கண்ணால் காட்டினார். அங்கே கம்பங்கள் வரிசையாக நின்றன.

சரி என்று தலையாட்டினேன். வந்த காலடிகளிலேயே கால் வைத்து, சத்தமில்லாமல் திரும்பினோம்.