ஆயா வீட்டில் சூரியன் எந்தப் பக்கம்?

"பொய் சொல்லாதீங்க ஆயா, சூரியன் கடலுக்குள்ளதான் போகும், கடல்லேருந்து வராது" என்று என் ஐந்து வயது மகள் காணொளி அழைப்பில் சொன்னபோது, கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் அமர்ந்திருந்த என் அம்மா வாய்விட்டுச் சிரித்தார், எனக்குத்தான் சுருக்கென்றது. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரில் பிறந்து வளரும் அவள், வார இறுதிகளில் காட்டெஸ்லோ கடற்கரையில் சூரியன் இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்குவதையே பார்த்திருக்கிறாள். தேவனாம்பட்டினத்துக் கடலிலிருந்து அது எழும்புவதை அவளுடைய ஆயா வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார். இருவர் சொல்வதும் உண்மை என்பதை அந்தச் சிறு பெண்ணுக்குக் காட்ட வேண்டும் என்ற தவிப்பில்தான் எங்கள் வீட்டில் புவியியல் பாடம் தொடங்கியது.

கடையில் வாங்கிய உலக உருண்டையில் சென்னை இருந்தது, கடலூர் இல்லை. தலைநகரங்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. தன் வீட்டு வாசலில் நின்று கிழக்கு எதுவென்று கைநீட்டத் தெரிந்த பிறகே ஒரு குழந்தைக்கு வரைபடம் பிடிபடும் என்று உறுதியாக எண்ணுகிறேன். ஆகவே உருண்டையை அலமாரியில் வைத்துவிட்டு, நிழலைக் கையில் எடுத்தோம்.

மார்கழியில், இங்கே கோடை விடுமுறை விட்டிருந்த நேரத்தில், ஓர் அடி நீளக் குச்சியைப் புல்தரையில் அவளும், அதே அளவுக் குச்சியை மொட்டைமாடிப் பூந்தொட்டியில் ஆயாவும் நட்டார்கள். அவரவர் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும் வேளையில் நிழலை அளந்து படம் அனுப்ப வேண்டும் என்பது விதி. பெர்த்தில் நிழல் இரண்டு அங்குலம்கூட இல்லாமல் தெற்கே விழுந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்துக் கடலூரிலிருந்து வந்த படத்திலோ, நிழல் எட்டரை அங்குலம் நீண்டு வடக்கே கிடந்தது. ஆயா குச்சியைத் தலைகீழாக நட்டுவிட்டார் என்று முதலில் தீர்ப்புச் சொன்னவள், அன்றிரவு அறையை இருட்டாக்கி, ஒரு சாத்துக்குடியில் இரண்டு கிராம்புகளைக் குத்தி டார்ச் விளக்கைப் பிடித்தபோது மூச்சு விடாமல் பார்த்தாள். மேலே இருந்த கிராம்பு ஆயா, கீழே இருந்தது அவள். ஒளி இரண்டுக்கும் இடையில் நேராகப் பட்டதும் நிழல்கள் எதிரெதிர்த் திசைகளில் ஓடின. மார்கழியில் சூரியன் மகர ரேகைக்கு நேர்மேலே நிற்கிறது. அந்த ரேகை கடலூருக்குத் தெற்கேயும் பெர்த்துக்கு வடக்கேயும், பெர்த்துக்கு மிக நெருக்கமாகவும் செல்கிறது என்பதை நான் விளக்குவதற்கு முன்பே, "சூரியன் எனக்கும் ஆயாவுக்கும் நடுவுல நிக்குது" என்று அவளே சொல்லிவிட்டாள். அவளை அப்படியே வாரி அணைத்துக்கொண்டேன்.

இரண்டரை மணி நேரக் கணக்கையும் அதே பழத்தைச் சுழற்றித்தான் காட்டினேன். கடலூர் ஏறத்தாழ 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் பெர்த் 116 பாகையிலும் இருக்கின்றன. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆவதால், 36 பாகைக்கு 144 நிமிடம். பெருக்கல் அவளுக்கு இன்னும் வராது. ஆனால் தான் மதிய உணவு உண்ணும் வேளையில் ஆயா வீட்டில் அப்போதுதான் இட்லிக் குண்டானை இறக்குகிறார்கள் என்பது நன்றாகப் புரிகிறது. மழை பெய்யும் நாட்களில் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து, மிளகுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையையும் மஞ்சளுக்கு ஈரோட்டையும், மிளகாய்க்குக் கடல் தாண்டிய அமெரிக்கக் கண்டத்தையும் தேடுகிறோம்.

ஆறுகளை மணலில் செய்தோம். இங்குள்ள சுவான் ஆறு மேற்கே ஓடிக் கடல் சேர்கிறது; நம் கெடிலமும் தென்பெண்ணையும் கிழக்கே ஓடுகின்றன. இந்த ஊர் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது, திசை தடுமாறுவதில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆயினும் ரப்பர் குழாயைத் திறந்து மணலில் தண்ணீர் விட்டபோது, என் கை தானாகவே கிழக்கு நோக்கித்தான் வாய்க்கால் இழுத்தது. தை மாதம் ஐந்தாம் நாள் பெண்ணையாற்று மணலில் ஊர்ச் சாமிகளெல்லாம் வந்து இறங்கும் ஆற்றுத் திருவிழாவும், அப்பாவின் தோளில் அமர்ந்து நான் பார்த்த தலைகளின் கூட்டமும், வாங்கி வந்த சுருளிக் கிழங்கை அம்மா வேகவைக்கும் மணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "அம்மா, தண்ணி வழியுது" என்று மகள் கத்திய பிறகே குழாயை மூடினேன்.

இப்போது அவளுக்குப் புதிய ஆசை ஒன்று பிறந்திருக்கிறது. சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆனதும், மறுபடி ஆவணி பிறந்த சில நாட்களிலும், நண்பகலில் கடலூரில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும் என்று ஆயா சொல்லிவிட்டார். பெர்த்தில் உச்சிவேளைச் சூரியன் எந்நாளும் வடக்கேதான் நிற்பதால், அது இங்கே ஒருபோதும் நடக்காது. ஏப்ரல் விடுமுறைக்கு ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். "சித்திரை வெயில்ல புள்ளைய கூட்டிக்கிட்டு வராதம்மா, தை மாசம் வா" என்கிறார் அம்மா. "அந்த வெயிலுக்குத்தான் ஆயா வர்றேன்" என்று இவள் பதில் சொல்கிறாள்.