அட்டவணைக்கு அடியில் இருந்த வரி

பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று செயலாளர் மூன்று தடவை கேட்டுவிட்டார். எனக்கு விளையாட்டும் வராது, நாடகமும் வராது. ஞாபகத்தில் நிற்பது இரசாயனவியல் வகுப்புச் சுவரில் தொங்கிய ஆவர்த்தன அட்டவணைதான், அதிலும் அடியில் தனியாக ஒதுக்கிவைத்த மாதிரி இருந்த அந்த லந்தனைட்டு வரி. "அருமண் உலோகங்கள், எல்லாம் ஒரே குணம், சோதனைக்கு வராது" என்று பிரம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சேர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலையே அந்த வரியில் இருந்த சீரியம். லைட்டர் கல்லில் பொறி பறக்கவைக்கிற அதே சீரியம். வெட்டிய முகம் வெள்ளியாக மினுங்கும், காற்றுப் பட்டால் மங்கிவிடும். முதல் துண்டை எண்ணெய்க்குள் போட மறந்து நானே பழுதாக்கினேன். அப்புறம் இரண்டு வைர முனைகளுக்கு நடுவில் ஒரு துணுக்கை வைத்து, பக்கத்தில் அமுக்கம் பார்க்க மாணிக்கப் பொடி வைத்து, திருகாணியை மெல்லத் திருப்பினால், வேண்டிய அமுக்கம் எப்போதோ தாண்டியிருக்கும். வைரக் கலத்துக்கு அது மிகச் சின்ன அமுக்கம், 7,000, 8,000 வளிமண்டலம்தான்.

ஒருவழியாக எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தில் அமுக்குவதற்கு முன் இருந்த அதே வளையங்கள், அதே ஒழுங்கு, எல்லாம் கொஞ்சம் வெளியே தள்ளி; அணுக்கள் நெருங்கிவிட்டன என்று அர்த்தம். அணுக்களின் அடுக்கு மாறவே இல்லை, ஆனால் கனவளவில் சுமார் 15 சதவீதத்தைக் காணோம்! 1949 இலேயே இப்படிப் பார்த்திருக்கிறார்கள், இருந்தாலும் சொந்தக் கண்ணால் பார்ப்பது வேறு. காரணம் அணுவின் உள்ளே 4எஃப் என்ற ஓட்டில் இருக்கிற ஒரேயொரு இலத்திரன். அதுவரை தன் அணுவோடு ஒட்டிக்கொண்டு காந்தத்தன்மை காட்டிய அது, நெருக்கினதும் பிணைப்பில் சேர்ந்துகொள்கிறது என்று 1974 இல் ஜோஹான்சன் என்ற பௌதிகவியலாளர் சொன்னார். இல்லை, அது இடத்தைவிட்டு நகரவில்லை, ஓடித்திரியும் இலத்திரன்களோடு இறுகக் கட்டுப்படுகிறது, அவ்வளவுதான் என்று 1982 இல் ஆலனும் மார்ட்டினும். நான் இரண்டாவது கட்சி, சண்டைக்கு வராதீர்கள்.

போன வருடம் சேருக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, மற்றப் பதினாலும்?" என்றார். லந்தனத்தில் எஃப் இலத்திரனே இல்லை சேர், இப்படிச் சுருங்கப் பிரசியோடைமியத்துக்குச் சுமார் 2 லட்சம் வளிமண்டலம் வேண்டும், கடோலினியத்துக்கு 6 லட்சம் அளவில் என்று சொல்லிக்கொண்டு போக, "பொறு தம்பி, பேனை எடுக்கிறன்" என்றார்.