மூன்றாவது கியரில் கிளம்பிய கார்

முதல் முறை அது நடந்தபோது மேம்பாலத்து ஏற்றத்தில் நின்றிருந்தேன். முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்தன, நானும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் உறுமியது, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2000-ஐத் தாண்டி ஏறியது, கார் மட்டும் மனசே இல்லாமல் ஊர்ந்தது. பின்னால் ஹாரன் சத்தம். எப்படியோ 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. வீட்டுக்கு வந்து இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் சாதுவாகக் கிளம்புகிறது.

இருபது வயதைத் தாண்டிய கார். நான்கு கியர் ஆட்டோமேட்டிக், கியர் மாற்றத்தைத் தீர்மானிக்க ஒரு சின்ன கம்ப்யூட்டர். காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகுதான் இந்தக் கூத்து, அதுவும் எல்லா நாளும் இல்லை.

மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "கிளட்ச் பிளேட் எல்லாம் தேய்ஞ்சிருக்கு சார், ஸ்லிப் ஆகுது. பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்" என்றார். போகிற போக்கில், "ரீசெட் பண்ணிப் பார்ப்போம்" என்று பேட்டரி வயரையும் ஒரு தரம் கழற்றி மாட்டினார். கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த கோளாறுக் குறியீடு அதோடு அழிந்து போயிருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஆயில் அழுத்தம். சூடானால் ஆயில் நீர்த்துப்போகும், தேய்ந்த சீல்கள் வழியாகக் கசியும், அழுத்தம் குறையும், தட்டுகள் வழுக்கும். "சூடானால் மட்டும் வருகிறது" என்று சொன்னதுமே யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். நானும் பாதி சம்மதித்துவிட்டேன். ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. 80 வேகத்தில் ஏற்றத்தில் அழுத்தி மிதித்தாலும் கார் வழுக்கவில்லை. தட்டு தேய்ந்திருந்தால் பாரம் ஏறும் அந்த இடத்தில் ஆர்பிஎம் தனியாக எகிற வேண்டுமே? ஏன் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும்?

சரி, இறக்குவதற்கு முன் ஒரு வாரம் எழுதி வைப்போம் என்று ஒரு நோட்டை டேஷ்போர்டில் போட்டேன். கார் சூடா இல்லையா, லிவர் எந்த இடத்தில், வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, கிளம்பியதிலிருந்து எத்தனை முறை கியர் மாறியதை உணர்ந்தேன் என்று குறித்தேன். கடைசியாகச் சொன்னதுதான் கதையையே மாற்றியது. நல்ல நாளில் கிளம்பி 70 வேகம் போவதற்குள் மூன்று மாற்றங்கள். அதற்குப் பிறகு, இன்ஜின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வது நான்காவது மாற்றம்போல லேசாகத் தெரியும். அதையும் கியர் என்று எண்ணி முதல் இரண்டு நாள் குழம்பினேன். கெட்ட நாளில் ஒரே ஒரு மாற்றம்தான்.

அப்படியானால் கார் வழுக்கவில்லை. மூன்றிலிருந்து நான்குக்கு மாறுவது மட்டும்தான் மிச்சம், அதாவது மூன்றாவது கியரிலேயே கிளம்புகிறது! இந்த மாதிரி கியர்பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 2.8-க்குப் பக்கத்தில் இருக்கும், மூன்றாவது 1. நின்ற காரை மூன்றாவதில் இழுக்க இன்ஜின் திணறும். அந்தத் திணறலையெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் தன் ஆயிலுக்குள் வாங்கிக்கொள்வதால் இன்ஜின் அணையாது, உறுமல் மட்டும் கேட்கும். வெளியிலிருந்து பார்த்தால் கிளட்ச் வழுக்குவதைப் போலவே இருக்கும். மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. ஒரு சுற்று ஓட்டியவர் அவர், நானோ ஒரு வாரம் எண்ணிக்கொண்டிருந்தவன்.

இடையில் ஆயிலையும் பார்த்தேன். என் காரில் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லிவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் மறுபடி பி-க்கு (பார்க்கிங்) வந்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுக்க வேண்டும். எல்லா காருக்கும் இப்படி இல்லை. இன்ஜினை அணைத்துப் பார்க்கச் சொல்லும் கார்கள் உண்டு, குச்சியே இல்லாதவையும் உண்டு. அளவு சரியாக இருந்தது. நிறம் சிவப்பு போய்ப் பழுப்பு, ஆனால் கருகிய வாடை இல்லை. அடித்தட்டைக் கழற்றியபோது காந்தத்தில் கிரீஸ் மாதிரி சாம்பல் நிறப் பசை. விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன், நெருநெருவென்று எதுவும் தட்டுப்படவில்லை. அந்தப் பசை வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகளோ கிளட்ச் தட்டிலிருந்து உரிந்த கறுப்புத் துணுக்குகளோ இருந்திருந்தால் அங்கேயே முயற்சியைக் கைவிட்டிருப்பேன். கையேட்டில் சொன்ன வகை ஆயிலையே ஊற்றினேன். மூன்று லிட்டர் சொச்சம்தான் வடிந்தது, மிச்சம் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். கோளாறு அப்படியே இருந்தது.

அப்புறம் ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். கோளாறு வரும் நாட்களில் மீட்டர் பலகையில் 'ஓ/டி ஆஃப்' (ஓவர்டிரைவ், அதாவது நான்காவது கியர் நிறுத்தம்) விளக்கு சிமிட்டும். லிவரில் இருக்கும் பொத்தானைக் கைதவறி அழுத்திவிட்டேன் போல என்று நினைத்து மறுபடி அழுத்துவேன். பொத்தானை அழுத்தினால் அந்த விளக்கு நிலையாக எரியும், சிமிட்டினால் கம்ப்யூட்டர் கோளாறைச் சொல்கிறது. இது கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. எத்தனை வருடமாக அந்தக் கையேடு கண்ணெதிரே கிடந்தது!

கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரை நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். பி0753 என்று காட்டியது, அதாவது ஷிஃப்ட் சொலனாய்டு ஏ (கியர் மாற்ற ஆயில் வழியைத் திறந்து மூடும் முதல் மின்வால்வு), மின்சுற்றில் கோளாறு. "சொலனாய்டு போச்சு, மாத்திடு" என்றார் அவர். நான் கொஞ்சம் பொறு என்றேன். சொலனாய்டு ஒட்டிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் வரும் எண் பி0751. 53 என்பது மின்சாரம் பற்றிய புகார். சொலனாய்டின் சுருள் எரிந்திருந்தாலும் அது வரும், போகிற வழியில் வயர் அறுந்திருந்தாலும் அதேதான் வரும்.

சர்வீஸ் கையேட்டில் இருந்த ஒரு குட்டி அட்டவணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இந்த கியர்பாக்ஸில் நான்கு கியரையும் தேர்ந்தெடுப்பது இரண்டே சொலனாய்டுகள். முதல் கியருக்கு முதல் சொலனாய்டு ஆன், இரண்டாவது சொலனாய்டு ஆஃப். இரண்டாவதற்கு இரண்டுமே ஆன். மூன்றாவதற்கு முதல் சொலனாய்டு ஆஃப், இரண்டாவது ஆன். நான்காவதற்கு இரண்டும் ஆஃப். இப்போது முதல் சொலனாய்டு செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். முதல் கியர் கேட்டால் இரண்டும் ஆஃப் ஆகி நான்காவது விழும். அது தாங்காது என்று கம்ப்யூட்டர் இரண்டாவது சொலனாய்டை ஆன் செய்து மூன்றாவது கியரைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது கியர் கேட்டாலும் மூன்றாவதுதான் கிடைக்கும். அதற்கு மேல் நான்காவது. மூன்று, மூன்று, மூன்று, நான்கு: மொத்தம் ஒரே மாற்றம். என் நோட்டில் இருந்தது அதேதான். சிரித்துவிட்டேன்.

ஆனாலும் பாக்ஸின் உள்ளே எல்லாம் நலம் என்று நிச்சயமாகவில்லை. அதற்கும் கையேட்டில் ஒரு வழி இருந்தது. சொலனாய்டு இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும். மின்சாரமே போகாதபோது லிவர் எல்-இல் முதல் கியர், 2-இல் மூன்றாவது, டி-இல் நான்காவது என்று வெறும் ஆயில் அழுத்தத்தில் பாக்ஸ் இயங்க வேண்டும். ஆளில்லாத மைதானத்தில், நன்றாகச் சூடாக்கிய பிறகு, மெதுவாகச் செய்து பார்த்தேன். எல்-இல் கார் கன்றுக்குட்டிபோலத் துள்ளிக் கிளம்பியது. அதுவரை தேய்ந்துபோன பாக்ஸ் என்று நினைத்திருந்ததன் இழுவை அது. எங்கும் வழுக்கல் இல்லை.

இனி மல்டிமீட்டர் வேலை. குளிர்ந்திருக்கும்போது, இக்னிஷனை அணைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கம்ப்யூட்டர் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சொலனாய்டு வயருக்கும் பாடிக்கும் இடையே மின்தடையை அளந்தேன். 13.1 ஓம், 13.2 ஓம். கையேடு 11 முதல் 15 வரை என்கிறது. ஆக இரண்டும் பத்தரைமாற்று. கோளாறு சூட்டில் வருவது, நான் அளந்ததோ குளிரில். ஒர்க்ஷாப்புக்குப் போனால் கார் நல்லபிள்ளையாகிவிடுவதும் இதனால்தான்.

அதனால் கால்பக்கத்து மூடியின் திருகுகளை முன்கூட்டியே கழற்றி வைத்துவிட்டு ஓட்டக் கிளம்பினேன். முக்கால் மணி நேரம் கழித்து விளக்கு சிமிட்டியது. நிறுத்தி, அணைத்து, தலைகீழாக அடியில் நுழைந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மீட்டரின் ப்ரோபை வைத்துத் தொட்டேன். இரண்டாவது சொலனாய்டு 16 ஓம். செம்பு சூடேறினால் தடை கூடும். 13 ஓம் 80 டிகிரியில் 16 ஆவது இயல்பு. முதல் சொலனாய்டு: மீட்டரில் வெறும் 'ஓஎல்'. சுற்றே இல்லை. உடனே பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் பக்கத்து பிளக்கில் அளந்தேன். இரண்டுமே 16. சுருள் நன்றாக இருக்கிறது, கோளாறு நடுவில் ஓடும் வயரில்.

நண்பர் பேச்சைக் கேட்டிருந்தால் நல்ல சொலனாய்டைக் கழற்றிப் புதுசு போட்டிருப்பேன், விளக்கு மறுபடி சிமிட்டியிருக்கும்.

வயர்க்கட்டைத் தடவிக்கொண்டே போனேன். பேட்டரித் தட்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் கறுப்பு டேப். தொட்டால் கோந்து உருகி விரலில் ஒட்டியது. பிரித்தால் உள்ளே யாரோ எப்போதோ இரண்டு முனைகளைக் கையால் முறுக்கிவிட்டு டேப் சுற்றியிருக்கிறார்கள். சால்டர் இல்லை, ஒன்றுமில்லை. செம்பு பச்சை பூத்து, உள்பக்கம் கறுத்திருந்தது. குளிரில் ஏதோ ஓரிழையில் தொட்டுக்கொண்டிருக்கும், இன்ஜின் சூட்டில் டேப் இளகினால் விட்டுவிடும். பளபளப்பான செம்பு தெரியும்வரை இருபக்கமும் வெட்டி, அதே தடிமனில் புதுத் துண்டு வைத்து சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, ஆடாமல் கட்டினேன். செலவு, ஒரு சாண் வயர்.

நான்கு மாதமாகிறது, விளக்கு சிமிட்டவில்லை. ஆனால் காலைக் குளிரில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது லேசான ஓர் உதறல் இருக்கிறது. முன்பே இருந்திருக்கலாம், நான்தான் இப்போது எண்ணக் கற்றுக்கொண்டேன். இந்த பாக்ஸில் ஆயில் அழுத்தத்தை, ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து நகரும் திராட்டில் கேபிளும் தீர்மானிக்கிறது. அதன் இழுவிசையைப் பார்க்க வேண்டும். நோட்டு இன்னும் டேஷ்போர்டில்தான் கிடக்கிறது.