பதினொரு நாளும் ஐந்து நாளும்

"கடக்கரைக்குக் கொண்டு போனதாலதானோ தம்பி?"

அக்கா இதைக் கேட்டபோது எங்கள் மிருக வைத்திய கிளினிக்கில் அவருடைய நாய்க்குட்டிக்கு இரண்டாவது சேலைன் போத்தல் ஏறிக்கொண்டிருந்தது. முன்னங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை அழுத்திப் பிடித்தபடி, நிமிர்ந்து பார்க்காமல், "ஓம் அக்கா, அதாலயும் இருக்கலாம்" என்றேன். நான் சொன்னது "அதாலயும்". அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது "அதாலதான்". பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்த ஒரு "உம்" போதுமாக இருந்தது. பழியை அவர் மடியில் போடவும் அதுவே போதுமாக இருந்தது.

பத்து வாரமும் ஐந்து நாளுமான பெட்டைக் குட்டி. ஏழாவது வாரம் முதல் தடுப்பூசி, பத்தாவது வாரம் இரண்டாவது. வியாழக்கிழமை விடியப்புறம் சத்தி, மத்தியானத்துக்குள் இரத்தமும் சளியுமாக வயிற்றோட்டம். அந்த மணத்தை ஒருமுறை முகர்ந்தவருக்கு, இது குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ்தான் என்று சொல்ல டெஸ்ட் கிட் தேவையில்லை. என்றாலும் வைத்துப் பார்த்தோம். ஊசி போட்ட ஐந்தாம் நாளில் ஊசியிலுள்ள வலுக்குறைத்த வைரசே சிலவேளை மெல்லிய கோடு காட்டிவிடும். இங்கே விழுந்தது தடித்த கோடு. சேலைன், சத்தியை நிறுத்தும் ஊசி, அன்ரிபயோற்றிக், குளுக்கோசு, சூட்டுக்கு வெந்நீர்ப் போத்தல் என்று செய்யக்கூடியதெல்லாம் செய்தோம். சனி இரவு போய்விட்டது.

"ரெண்டு ஊசி போட்டும் ஏன்?" என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கான பதில் எனக்கு மனப்பாடம். குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது குட்டியைக் காக்கும். நாம் போடும் ஊசியையும் அதுவேதான் அடித்துவிடும். ஆறாவது வாரத்துக்கும் பதினாறாவது வாரத்துக்கும் இடையில் அது கரையும். எந்தக் குட்டிக்கு எப்போது கரையும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கரைந்துகொண்டு போகையில் ஒரு கட்டம் வரும். தெருவிலிருந்து வரும் வைரசைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியை முறிக்கப் போதும். சில நாளிலிருந்து இரண்டு மூன்று வாரம் வரை நீளும் அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான குட்டிகளைப் பறிகொடுக்கிறோம். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் தாண்டும் வரை ஊசி போடுவது இதனால்தான். எந்த ஊசி பிடிக்கும் என்று தெரியாதபடியால் பிடிக்கும் வரை போடுகிறோம். கடைசி ஊசி பதினாறு வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டால் கார்ட்டில் எத்தனை முத்திரை இருந்தாலும் அது முழுமையில்லை.

இதையெல்லாம் அக்காவுக்கும் சொன்னேன். விட்டது நாட்கணக்கு.

அதை ஞாயிற்றுக்கிழமைதான், கார்ட்டைக் கோப்பில் போடும்போது பார்த்தேன். கல்லடிக் கடற்கரைக்குக் கொண்டு போனது சத்தி தொடங்கியதற்கு முந்தைய வாரத்து ஞாயிறு. பிள்ளைகள் தோளில் போட்டுக்கொண்டு போய், ஈர மணலில் ஐந்து நிமிடம் விட்டிருக்கிறார்கள். அந்த ஞாயிற்றிலிருந்து சத்தி தொடங்கிய வியாழன் வரை பதினொரு நாள். பார்வோ உடம்புக்குள் போய் நோயாக வெளியே வர வழக்கமாக மூன்று நாளிலிருந்து ஏழு நாள். வியாழனிலிருந்து ஐந்து நாள் பின்னால் எண்ணினால் சனிக்கிழமை. அன்று அந்தக் குட்டி இரண்டாவது ஊசிக்கு எங்கள் கிளினிக்கில் நின்றது.

சனி கூட்டமான நாள். காலை எட்டரைக்கு வவுணதீவுப் பக்கமிருந்து ஒரு குட்டியைச் சாக்கில் போட்டுக் கொண்டு வந்தார்கள். ஊசியே காணாத குட்டி. தராசில் வைத்தவுடன் சத்தி எடுத்தது, பின்பக்கமும் ஒழுகியது. துணியால் வழித்து, வாளியில் இருந்த பினாயிலைத் தெளித்துத் துடைத்தோம். தட்டு மினுங்கியது, வாசம் வந்தது. பத்து மணியளவில் அதே தட்டில் அக்காவின் குட்டி ஏறியது. மூன்று கிலோ இருநூறு. தட்டின் விளிம்பில் திருகாணி இருந்த மூலையை அது இரண்டு மூன்று தரம் நக்கியது. "என்ன ருசி பாக்கிறாய்?" என்று சின்ன மகள் சிரித்தாள். அந்த மூலையில் துணி போகாது.

அந்த எடையைப் பார்த்தது பூச்சி மருந்துக்குத்தான். ஊசி எல்லாக் குட்டிக்கும் ஒரே அளவு, ஒரு மில்லிலீற்றர். அதற்கு எடை வேண்டாம். அக்காவைக் குட்டியோடு ஆட்கள் நிறுக்கும் தராசில் ஏற்றி, அவருடைய எடையைக் கழித்திருந்தால் போதும். இருநூறு கிராம் முன்னே பின்னே வந்திருக்கும். அந்த வயதில் அது பெரிய பிழையில்லை.

பினாயில் பார்வோவை ஒன்றும் செய்யாது. ஸ்பிரிட்டும் செய்யாது. கடையில் விற்கும் வாசனைக் கிருமிநாசினிகளில் பெரும்பாலானவையும் செய்யாது. பல கிருமிகளுக்கு மேலே இருக்கும் கொழுப்புறை இதற்கு இல்லை, அதனால் உடைக்க ஒன்றுமில்லை. செய்வது குளோரின். வீட்டில் வெளுக்கப் பாவிக்கும் ஐந்து சதவீதத் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு. அதாவது ஒரு லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட. ஆனால் முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். மலம், சத்தி, அழுக்கு எது மீதமிருந்தாலும் குளோரின் அதோடு சேர்ந்து வீணாகிவிடும். கழுவிய பின் ஊற்றிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். ஊற்றிய கையோடு துடைத்தால் ஊற்றாததற்குச் சமம். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், வெளிச்சத்தில் அதன் வீரியம் போய்விடும். சீமெந்துத் தரை, ஓடு, தட்டு, சங்கிலிக்கு இது சரி. மண்ணுக்குச் சரிவராது. நோய்க் குட்டி நின்ற நிழல் மண்ணை ஏழு மாதமும் வெயில் மண்ணை ஐந்து மாதமும் ஒதுக்குங்கள் என்று நாய்க் காப்பகங்களில் கணக்கு வைப்பார்கள்.

இவை எதுவும் அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரியாதவை அல்ல. பயிற்சியில் எழுதிப் பரீட்சை எழுதிய விஷயம். வாளியில் பினாயில் இருந்தது, வெளியே பதினைந்து பேர் நின்றார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நோய் வெளித்தெரியப் பதினாலு நாள் வரை எடுப்பதும் உண்டு. அப்படிப் பார்த்தால் கடற்கரையும் கணக்குக்குள் வரும். வள்ளங்கள் ஏற்றி வைத்திருக்கும் இடத்தில் தெருநாய்கள் படுத்து எழும்புகின்றன. அது தவிர, அக்காவின் வீட்டுக்காரர் தினமும் மீன் சந்தைக்குப் போய் அதே செருப்போடு விறாந்தைக்கு வருகிறவர். கடப்பு எப்போதும் திறந்து கிடக்கும், பக்கத்து வளவு நாய் வந்து எச்சில் சோறு தின்றுவிட்டுப் போகும். செருப்பு, சைக்கிள் சில்லு, தண்ணீர்ச் சட்டி எதில் ஏறியும் பார்வோ வரும். தொற்றிய நாய் சத்தி எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே மலத்தில் வைரசைக் கொட்டத் தொடங்கிவிடும். பார்த்தால் நல்ல நாய் போலத்தான் இருக்கும். ஆகவே எங்கள் தராசுதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. இப்படி எண்ணி முடித்து நிம்மதியாகப் படுத்த இரவுகள் உண்டு. பிறகு அந்தத் திருகாணி மூலை ஞாபகத்துக்கு வரும்.

டொக்டரிடம் சொன்னேன். அடுத்த திங்கள் வாளி மாறியது. சத்தி, வயிற்றோட்டம் என்று வரும் குட்டிகள் இப்போது பின் கதவால் வருகின்றன. ஊசிக்கு வருகிற குட்டிகளை ஓட்டோவிலேயே வைத்திருக்கச் சொல்லி, முறை வந்ததும் கூப்பிடுகிறோம். மடியிலோ கூடையிலோதான் இருக்க வேண்டும், தரையில் கால் படக்கூடாது. தராசில் ஒவ்வொரு குட்டிக்கும் புதுப் பத்திரிகைத் தாள்.

அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, குட்டி திரும்பி வராதே என்று நினைத்தேன். கிளினிக்கின் பெயர் கெடும் என்றும் நினைத்தேன். இரண்டில் எது முதலில் மனதில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எட்டு மாதம் கழித்து அவர் இன்னொரு குட்டி எடுத்தார். இடையில் வீட்டைக் குளோரின் போட்டுக் கழுவும் முறையைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்; அதை ஒழுங்காகச் செய்திருந்தார். இந்தமுறை மூன்று ஊசியும் நாள் தவறாமல் நடந்தன. ஆனால் குட்டியைக் குசினிக்கும் விறாந்தைக்கும் இடையிலேயே வைத்திருந்தார். ஊசிக்கு வரும்போதும் துவாயால் மூடித்தான் கொண்டு வருவார். ஐந்து மாதம் அது வெளியே எதையும் காணவில்லை.

இதில் எனக்குப் பங்கு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் "வெளியில விடாதீங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். குட்டிக்கு உலகத்தைப் பழக்கும் காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினாலாவது வாரத்தோடு மூடிவிடும். ஊசி முடிவது பதினாறில். இரண்டும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. அமெரிக்க மிருக நடத்தை வைத்தியர்களின் சங்கம் 2008இலேயே, முதல் ஊசியும் பூச்சி மருந்தும் கொடுத்து ஏழு நாள் ஆனால், ஏழெட்டு வாரக் குட்டியையும் சுத்தமான இடத்தில் மற்ற ஊசி போட்ட குட்டிகளோடு பழக்கலாம் என்று சொல்லிவிட்டது. அந்தச் சுத்தமான தரை மட்டக்களப்பில் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. மாரியில் வாவி ஏறி, ஒழுங்கையெல்லாம் தண்ணீர் நின்று, எலி மூத்திரம் அதில் கலந்து எலிக்காய்ச்சல் பரவும் ஊர் இது.

என்றாலும் வழி இருக்கிறது, அதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. கூடைக்குள் துணி விரித்துக் குட்டியை வைத்து, கடப்படியில் கதிரை போட்டு, பின்னேரம் பத்து நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு இருக்கலாம். மோட்டார் சைக்கிள், பள்ளிப் பிள்ளைகள், பாண் ஓட்டோவின் பாட்டு, குடை பிடித்தவர், தாடி வைத்தவர், மீன்காரர், எல்லாம் அங்கேயே வரும். ஒவ்வொரு புதுச் சத்தத்துக்கும் ஒரு துண்டு அவித்த கோழி. குட்டி தின்ன மறுத்தால் அது பயந்துவிட்டது, தூரத்தைக் கூட்ட வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் செருப்பைப் படியில் விட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவித் தூக்கலாம். ஊசி முழுதாகப் போட்ட, நன்றாகத் தெரிந்த ஒரு நாயோடு நம் சீமெந்து விறாந்தையில் விடலாம். மாமாங்கத் தீர்த்தக் கூட்டத்துக்கு, சந்தைக்கு, கடற்கரைக்கு வேண்டாம். தோளில் தூக்கிக்கொண்டு போனாலும் வேண்டாம், ஏனென்றால் பிள்ளைகள் கட்டாயம் ஐந்து நிமிடம் கீழே விடுவார்கள்.

இப்படி எழுதும்போது கடற்கரைதான் காரணம் என்று மறுபடியும் சொல்வது போல வருகிறது. கடற்கரை ஆபத்து என்பதும் உண்மை. அந்தக் குட்டியைக் கொன்றது அதுவா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே வாயால் சொல்வது எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை.

போன மாதம் அந்த இரண்டாவது நாய் 26ஆவது வார ஊசிக்கு வந்தது. துவாயை எடுத்ததும் மூத்திரம் பெய்தது. கண்ணின் வெள்ளை தெரிய மூலைக்குள் ஒடுங்கியது. தூக்கப் போன மகனின் மணிக்கட்டில் பல் பதிந்தது. சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினோம். நாய்க்கு விசர்நாய்க்கடி ஊசி போட்டிருந்தாலும் அதைப் பார்த்து முடிவெடுப்பது அங்கேயுள்ள டொக்டர்.

"இது ஆக்களக் கண்டா இப்பிடித்தான் தம்பி. வெளியில விடாம வளத்தது பிழையோ?" என்றார் அக்கா. "நீங்க அண்டைக்குச் சொன்னதக் கேட்டுத்தான் இந்தமுற கடக்கரப் பக்கமே காட்டல்ல."

"இனிக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கலாம் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தராசில் தாளை விரித்தேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முந்தி இப்பிடித் தாள் விரிக்கிறல்லையே தம்பி?"

"ஓம் அக்கா," என்றேன். "இப்பதான் விரிக்கிறம்."