பிரிட்டன் மழையை அளந்து பார்த்தோம்: ஸ்டாக்போர்ட், கோல்செஸ்டர், கிளாஸ்கோ

பிரிட்டனில் எப்போது பார்த்தாலும் மழை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு மழை, எங்கே மழை என்று கேட்டால் பதில் வராது. அளந்துதான் பார்ப்போமே என்று தோன்றியது. நான் இருப்பது மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட். அக்கா குடும்பம் கிழக்கே எசெக்ஸில், கோல்செஸ்டர் பக்கம். கல்லூரி நண்பன் ஒருவன் கிளாஸ்கோவில். மூன்று வீட்டிலும் மழைமானி வைத்து, தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, வாட்ஸ்அப் குழுவில் எண்ணைப் போடுவது என்று ஏற்பாடு. அக்டோபரில் தொடங்கினோம். இப்போது அடுத்த அக்டோபர் வந்துவிட்டது.

முதலில் கருவி. இங்கே காலங்காலமாகப் புழங்குவது செம்பு மழைமானி. வாய் 5 அங்குல அகலம். விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். இங்குள்ள கையகலத் தோட்டங்களில் அது லேசில் நடக்கிற காரியமில்லை. புல்தரைக்கு நட்டநடுவில் வைத்துவிட்டு, புல் வெட்டும்போதெல்லாம் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். எனக்குப் பழைய செம்பு மானி ஒன்று கிடைத்தது. மற்ற இருவருக்கும் அதே வாய் அகலத்தில் பிளாஸ்டிக். இந்த அகலத்துக்கு 1 மி.மீ. மழை பெய்தால் உள்ளே சேர்வது 12.7 மில்லிலிட்டர், அதாவது இரண்டரை தேக்கரண்டித் தண்ணீர். அதை அடி குறுகலான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் 0.1 மி.மீ. வரை படிக்கலாம். புனலில் ஈரம் மட்டும் இருந்து, குழாயில் ஒன்றும் தேறவில்லை என்றால் 'துளி' என்று எழுதுவது வழக்கம்.

பார்க்கும் நேரம் கிரீன்விச் கணக்கில் காலை 9 மணி. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிடுவதால் அப்போது 10 மணி. பார்த்த எண்ணை முந்தைய நாள் தேதியில்தான் எழுத வேண்டும். அக்காவுக்கு இது பிடிபடவே இல்லை. "டேய், இன்னிக்குக் காலைல பாத்ததை எதுக்கு நேத்துத் தேதில எழுதச் சொல்ற?" அந்த 24 மணி நேரத்தில் 15 மணி நேரம் நேற்றைக்குச் சேர்ந்ததுதானே என்று விளக்கினேன். எழுதினாள், ஆனால் முணுமுணுத்துக்கொண்டேதான்.

மானியை ஏன் இவ்வளவு தாழ்வாக வைக்கிறார்கள் என்று பார்க்க, இன்னொரு பிளாஸ்டிக் மானியை வேலித் தூணின் தலையில் கட்டினேன். காற்றில்லாத நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்று வீசிய நாட்களில் மேலே இருந்தது தவறாமல் குறைத்துக் காட்டியது. இது பழைய புதிர். வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1766-67-ல் லண்டனில் மூன்று மானிகள் வைத்தார். தரைமட்டத்தில் இருந்தது ஆண்டுக்கு 22 அங்குலத்துக்கு மேல் பிடித்தது. வீட்டுக் கூரையில் 18. வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் உச்சியில் 12 மட்டுமே. மழைத்துளி கீழே இறங்க இறங்கப் பெருக்கிறதோ என்றுகூட யோசித்துப் பார்த்தார்கள். 1861-ல் ஸ்டான்லி ஜெவன்ஸ்தான் (பின்னாளில் பொருளாதார அறிஞராகப் பெயர் பெற்றவர்) காற்றைக் கைகாட்டினார். மானியின் வாயில் மோதி வேகமெடுக்கும் காற்று, உள்ளே விழவேண்டிய துளிகளை வெளியே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. உயரம் கூடக் கூடக் காற்றும் கூடும், பிடிபடும் மழை குறையும். வேலி மானியை அதோடு கழற்றிவிட்டேன்.

சரி, முடிவுக்கு வருவோம். எங்கள் ஓராண்டுக் கணக்கு நீண்டகாலச் சராசரியை ஒட்டியே வந்ததால் சராசரியையே சொல்கிறேன். எசெக்ஸ் கரையோரத்தில் ஆண்டுக்கு 550 மி.மீ. போல. மான்செஸ்டர் பக்கம் 850 கிட்ட. கிளாஸ்கோவில் 1,200-ஐ ஒட்டி. நான் எதிர்பார்த்தது இந்த வித்தியாசத்தைத்தான். எதிர்பார்க்காதது மழை நாட்களின் கணக்கு. 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழை நாள். எசெக்ஸில் அப்படி 100-க்குச் சற்று மேல், மான்செஸ்டரில் 150 போல, கிளாஸ்கோவில் 170. வகுத்துப் பாருங்கள்: அக்கா வீட்டிலும் என் வீட்டிலும் ஒரு மழை நாளுக்கு விழுவது ஏறக்குறைய அதே 5 மி.மீ. சொச்சம்தான். மழை பெய்யும் நாளில் ஸ்டாக்போர்ட் ஒன்றும் பெரிதாகக் கொட்டிவிடுவதில்லை. நசநசவென்று அடிக்கடி வருகிறது, அவ்வளவுதான். மான்செஸ்டரின் கெட்ட பெயர் அளவால் வந்தது இல்லை, வருகையால் வந்தது என்பது என் தீர்ப்பு. கிளாஸ்கோவில்தான் நாளும் கூடுதல், நாளொன்றுக்கு விழுவதும் கூடுதல்.

காரணம் காற்றும் மலையும். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து, அட்லாண்டிக்கின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குக் கரையில் வேல்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட், ஸ்காட்லாந்து மேட்டுநிலம் என்று மலைகள் வரிசையாக நிற்கின்றன. ஏறும் காற்று குளிர்ந்து மழையாகிறது. அந்தப் பக்கம் இறங்கும்போது அதில் சரக்கு குறைவு. கிழக்கு இங்கிலாந்து முழுக்க மழைமறைவுப் பகுதி என்றே சொல்லலாம். ஸ்காட்லாந்திலும் அதே கதைதான்: கிளாஸ்கோவிலிருந்து எடின்பரோ 70 கி.மீ. தூரம்தான், அங்கே ஆண்டு மழை 700 மி.மீ. அளவு. ஆனால் வசந்தத்தில் வடகடல் பக்கமிருந்து ஹார் என்ற கடல் மூடுபனி எடின்பரோவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த நாட்களில் நண்பன் கிளாஸ்கோவில் வெயிலில் உட்கார்ந்து படம் அனுப்புவான். அவனுக்கு வாய்க்கிற பெருமை அது ஒன்றுதான், அனுபவித்துவிட்டுப் போகட்டும்.

மலை என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க லேக் டிஸ்ட்ரிக்டுக்கு இரண்டு மானிகளோடு போனேன். ஒன்றை கெசிக் ஊரில் தங்கிய வீட்டுத் தோட்டத்தில் வைத்தேன். இன்னொன்றைப் பண்ணைக்காரரிடம் கேட்டு, 13 கி.மீ. தள்ளி பாரோடேல் பள்ளத்தாக்கின் முனையில் இருக்கும் சீத்வெயிட்டில். சீத்வெயிட் என்பது நாலைந்து கட்டடம், கல் சுவர், ஆடுகள். இங்கிலாந்தில் ஆள் வசிக்கும் இடங்களில் அதிக மழை பெறுவது அதுதான், ஆண்டுக்கு 3,500 மி.மீ. கெசிக்கில் அதில் பாதிகூடக் கிடையாது. அன்று பகலில் கெசிக்கில் குடை விரிப்பதா வேண்டாமா என்கிற சாரல், மானியில் 7 மி.மீ. சாயங்காலம் சீத்வெயிட்டில் எடுத்துப் பார்த்தால் 29. துளி ஒவ்வொன்றும் பெரியதாகவும் இல்லை. பொடித்துளியாக, ஆனால் அடர்த்தியாக, பக்கவாட்டில் அடித்தது. அதற்கு ஒரு விளக்கம் உண்டு. உயரத்து மேகத்திலிருந்து விழும் மழை, மலை உச்சியைப் போர்த்தியிருக்கும் தாழ்ந்த மேகத்துக்குள் புகுந்து வருகிறது. வரும் வழியில் அங்கிருக்கும் நுண்துளிகளை வாரிக்கொண்டு கனக்கிறது. அப்புறம் காற்று அதை உச்சிக்கு மறுபக்கப் பள்ளத்தாக்கில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. சீத்வெயிட் சரியாக அந்த மறுபக்கத்தில், ஸ்காஃபெல் மலைக்கூட்டத்தின் காலடியில் இருக்கிறது. சற்று மேலே ஹானிஸ்டர் கணவாயில், டெஸ்மண்ட் புயலின்போது 2015 டிசம்பர் 5 மாலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. பதிவானது. அக்கா வீட்டில் அதற்கு ஏழு மாதம் பிடிக்கும்.

ஆனால் கோல்செஸ்டரைக் குறைத்தும் மதிக்க முடியாது. எங்கள் மேற்குப் பக்கம் இலையுதிர்காலமும் குளிர்காலமும்தான் மழைக்காலம். கிழக்கில் கோடை இடிமழைக்கும் நல்ல பங்கு உண்டு. ஜூலையில் ஒரு பிற்பகல், எனக்கு ஒரு துளி இல்லை. அக்கா அனுப்பிய எண் 22 மி.மீ., அதுவும் முக்கால் மணி நேரத்துக்குள். மற்றபடி அது வறண்ட நாடு. அங்கே எல்ம்ஸ்டெட் மார்க்கெட் என்ற ஊரில் பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர் பழைய கார் நிறுத்துமிடத்தில் 1990-களின் தொடக்கத்தில் போட்ட சரளைத் தோட்டம், தண்ணீரே ஊற்றாமல் வளர்ப்பதற்கென்று போட்டது. அக்காவும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு லாவண்டர் வைத்திருக்கிறாள். எனக்கு லாவண்டர் அழுகிப்போகிறது, பாசிதான் செழிக்கிறது. கெட்டில் மட்டும் என்னுடையது சுத்தம். மான்செஸ்டருக்கு 1894-லிருந்து லேக் டிஸ்ட்ரிக்டின் தர்ல்மியர் ஏரித் தண்ணீர் வருகிறது, 96 மைல் தூரம், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடி. மலைப்பாறையில் விழுந்த மழை என்பதால் மென்னீர், சுண்ணாம்பு குறைவு. அக்கா வீட்டுக் கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு ஏடு ஏடாக உரியும்.

மூன்று பேர் குழுவை வைத்துக்கொண்டு பெருமை பேச வெட்கமாகவும் இருக்கிறது. ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் 1860-ல் நாடெங்கும் மழை அளப்பவர்களைக் கடிதம் மூலமே சேர்க்கத் தொடங்கினார். 1900-ல் அவர் இறக்கும்போது 3,000 பேருக்கு மேல். அதற்கும் முன்னால் 1677-லேயே பர்ன்லி பக்கம் ரிச்சர்ட் டௌன்லி அளக்கத் தொடங்கியிருந்தார். இப்படிச் சேர்ந்த பழைய கையெழுத்துத் தாள்கள் 65,000-க்கு மேல். 2020 ஊரடங்கில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் காலநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் கூப்பிட்டதும் 16,000 தன்னார்வலர்கள் 16 நாளில் தட்டச்சு செய்து முடித்தார்கள். 52 லட்சம் பதிவுகள். அதன் பிறகுதான் நாட்டின் மழைக் கணக்கு 1836 வரை பின்னால் நீண்டது, 1855 மிக வறண்ட ஆண்டு என்பதும் தெரிந்தது.

அடுத்த ஆண்டுக்கு ஒரு மாற்றம். நாளொன்றுக்கு ஓர் எண் எனக்குப் போதவில்லை. துணி காயப்போடுகிறவனுக்கு எத்தனை மி.மீ. என்பதைவிட எத்தனை மணி நேரம் என்பதுதான் முக்கியம். 0.2 மி.மீ. சேர்ந்ததும் கவிழ்ந்து நேரத்தைப் பதியும் தானியங்கி மானியைச் செம்பு மானிக்குப் பக்கத்திலேயே பொருத்தியிருக்கிறேன். நண்பனும் ஒன்று வாங்கிவிட்டான். அக்கா, "எனக்கு இந்த பிளாஸ்டிக்கே போதும், பாதி நாள் அதுக்கே வேலையில்ல" என்றுவிட்டாள். இடிமழை எத்தனை நிமிடம் என்பதாவது தெரிய வேண்டும், ஜூனுக்குள் பேசிப் பார்க்கிறேன்.