நீர் ஒட்டாப் பூச்சு: பசை எவ்வளவு?

வழவழப்பான பரப்பில் எதைப் பூசினாலும் நீர்த்துளியின் தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு துளிக்குள் ஆக்கும் கோணம்) ஏறத்தாழ 120 பாகையோடு நின்றுவிடும். 150-ஐத் தாண்ட மேடுபள்ளம் வேண்டும், பள்ளத்துக்குள் காற்று சிக்கியிருக்க வேண்டும். தாமரை இலையில் நடப்பது இதுதான். நாம் அதைச் சிலிக்கா நானோ துகளை வைத்துச் செய்கிறோம்.

ஏற்கெனவே சிலேன் (நீரை விலக்க வைக்கும் சிலிக்கான் சேர்மம்) ஏற்றிய ஃப்யூம்டு சிலிக்காதான் (சுடரில் உருவாக்கிய மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். மிதந்தால் சரி. நனைந்து அமிழ்ந்தால் அது வெறும் சிலிக்கா, ஆகாது.

100 மி.லி. ஹெப்டேன் என்ற கரைப்பானில் 2 கிராம் துகள். துகள் கட்டிகளை ஒலியதிர்வால் பிரிக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் 20–30 நிமிடம்; தொட்டி நீர் சூடேறினால் மாற்றிவிடுங்கள். பிறகு 1 கிராம் இருபாகச் சிலிக்கோன் பசையைக் கலக்கி, அதன் கெட்டியாக்கியை 0.1 கிராம், தெளிக்கப் போகும் நேரத்தில் மட்டும் சேருங்கள்.

துகளுக்கும் பசைக்கும் இந்த 2:1 விகிதம் ஒரு தொடக்கம்தான். சறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான். பசை கூடினால் துகள்கள் அதில் புதைந்து மேடுபள்ளம் மூடிப்போகும். துளி உருண்டையாக நிற்கும், ஆனால் பூசிய கண்ணாடியைக் கவிழ்த்தாலும் விழாது. பசை குறைந்தால் துளி அழகாக ஓடும், விரலால் தேய்த்தால் வெள்ளைப்பொடி கையோடு வந்துவிடும். ஆகவே கோணத்தை மட்டும் அளந்து திருப்தியடையாதீர்கள். 10 பாகைச் சாய்வுக்குள் துளி உருள வேண்டும், விரல் தேய்ப்பையும் தாங்க வேண்டும்.

15–20 செ.மீ. தள்ளி, மெல்லியதாக மூன்று நான்கு தடவை தெளியுங்கள். மிக நெருங்கினால் ஈரம் தேங்கி, காயும்போது ஓரத்தில் வளையம் கட்டும்; தள்ளிப்போனால் துகள் வழியிலேயே உலர்ந்து பொடியாக விழும். 80 பாகை செல்சியஸில் 2 மணி நேரம் வையுங்கள். அப்புறமும் பிசுபிசுப்பு போகவில்லையா? கையுறையைப் பாருங்கள். பிளாட்டினம் வினையூக்கி உள்ள சிலிக்கோனை லேட்டக்ஸில் இருக்கும் கந்தகம் முடக்கிவிடும். கந்தகம் சேராத நைட்ரைல் உறை போடுங்கள். நானோ துகள் கலந்த பனிமூட்டத்தை மூச்சில் இழுக்கக் கூடாது; ஹெப்டேன் தீப்பற்றும். காற்றிழுப்பு அறையும் துகள் தடுக்கும் முகமூடியும் இல்லாமல் தெளிக்காதீர்கள்.

பூசிய கண்ணாடியை நீருக்குள் அமிழ்த்திச் சாய்வாகப் பார்த்தால் வெள்ளித்தகடு போல் மின்னும். அது சிக்கிய காற்று. மின்னாத திட்டுகளில் பூச்சு சரியில்லை.

சோப்புத் தண்ணீரில் சோதித்துவிட்டுப் பூச்சு போயிற்று என்பவர்கள் உண்டு. சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நீர் பள்ளத்துக்குள் இறங்கிவிடுகிறது, அவ்வளவே. நல்ல நீரில் அலசி முழுக்கக் காயவைத்து மறுபடி சோதியுங்கள்.